வெண்ணாற்றுக்கு முறை வந்த வாரம்

ரேடியோவில் பேசாத ஒரு சின்ன விமானம் நம் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்தால் கண்ட்ரோலர் செய்ய வேண்டியவை ஒன்பது. பயிற்சி முடித்து வந்திருக்கும் உங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்பதையும் சொல்வீர்கள். நானும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும் சொல்கிறேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை. இது, அந்த ஒன்பதையும் வரிசை தவறாமல் செய்து, எழுபது பேர் உட்கார்ந்திருந்த ஒரு விமானத்தை, தனியாகப் பறந்துகொண்டிருந்த ஒரு மாணவியின் முதுகுக்குப் பின்னால் நானே கொண்டுபோய் விட்ட கதை.

நான் கடைசியாக வேலை பார்த்தது, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே டவரில்தான். அன்றும் ரேடார் கிடையாது. விமானிகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ரேடியோவில் சொல்வார்கள், நாங்கள் நம்புவோம். இந்த ஏற்பாட்டுக்குக் கையேட்டில் இதைவிட மரியாதையான பெயர் உண்டு. ஓடுபாதையின் கிழக்கு முனையில் வேலி, வேலிக்கு அப்பால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் கடல் வரைக்கும் நெல்.

நெல் இருந்தால் கொக்கு இருக்கும். ஒருமுறை ஒரு கொக்கு, இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் இயந்திரத்துக்குள் போய்விட்டது. விமானம் பிழைத்தது. அதற்காகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் எல்லாத் துறையினரும் வந்து மெதுவடை சாப்பிட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் ஏறும்போதுதான் கொக்கு வருகிறது, எனவே தண்ணீர் திறக்கும் விவரத்தைப் பாசனத்துறை டவருக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. கூட்டக் குறிப்பு தட்டச்சுக்குப் போயிற்று. திரும்பி வரவில்லை. அந்த முடிவை நினைவில் வைத்திருந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். பெயர் கலியபெருமாள். திருவையாற்றில் காவிரிப் பாலத்தருகே பாசன ஆய்வாளர். அதற்கு முன் வெண்ணாற்றுக் கரையில் பல வருடம் வேலை பார்த்தவர்.

தண்ணீர் போதாத வருடங்களில் கல்லணையிலிருந்து எல்லா ஆற்றுக்கும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு என்று மாற்றி மாற்றி விடுவார்கள். அதற்கு முறை என்று பெயர். முறை இருக்கும் ஆறு கரை தொட்டுப் போகும். முறை இல்லாத ஆற்றில் மணலில் கிரிக்கெட் நடக்கும். ஒவ்வொரு முறை மாறும்போதும் கலியபெருமாள் டவருக்குப் போன் செய்வார்.

"டவர் சார், வணக்கம். வெண்ணாத்துக்கு முறை மாத்திட்டாங்க. உங்க வேலிக்குக் கெழக்கால வாய்க்கால்ல நாளைக்குத் தண்ணி ஏறிடும். கொக்கு வந்து எறங்கும், பாத்துக்குங்க."

என் பெயர் அவருக்குத் தெரியும். இருந்தாலும் டவர் சார்தான்.

நான் எதையும் படிவத்தில் எழுதுகிறவன். கலியபெருமாளின் தகவலுக்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாத தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனவே "சரி" என்பேன். ஓடுபாதை ஆளிடம் வேட்டுப் போட்டுக் கொக்கை விரட்டச் சொல்வேன். அவ்வளவுதான்.

நான் சொல்லவிருக்கும் ஆகஸ்ட் மாதத்தில், சம்பவத்துக்கு நாலு நாள் முன்பு அவர் பேசினார். கொக்குவரைக்கும் வந்தார். பிறகு, "இன்னொண்ணு சார்..." என்று ஆரம்பித்தார். நான் "சரி, பாத்துக்கறோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்போது எனக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் காலை பத்தேகாலுக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைப்பு. அது வடக்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு பள்ளி.

"சார், எங்க ஸ்டூடன்ட் ஒருத்தி தனியா கிளம்பி வந்தா. நிவேதான்னு பேரு. பத்து மணிக்கே உங்ககிட்ட பேசியிருக்கணும். பேசினாளா?"

"இல்லை."

"எங்ககிட்டயும் பேசல. நாகூர் தாண்டிட்டேன்னு சொன்னா. அதோட சரி."

அவர்கள் மாணவர்களுக்குக் கொடுக்கும் பாதை எளிமையானது. கடற்கரையோரம் தெற்கே வந்து, நாகூர் தர்கா மினாராக்களைப் பார்த்ததும் மேற்கே திரும்ப வேண்டும். காவிரியைப் பிடித்து அதை இடப்பக்கம் வைத்துக்கொண்டே வந்தால் திருவையாற்றுப் பாலம். அங்கே எங்களை அழைத்து அனுமதி கேட்க வேண்டும். ரேடியோ வேலை செய்யவில்லை என்றால் பாலத்துக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். பாலத்துக்கு மேற்கே எங்கள் வான்வெளி. அனுமதியில்லாமல் அதில் நுழைவது, முன்பின் தெரியாதவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைவது போல.

அதே நேரத்தில் சென்னையிலிருந்து எழுபது பேரோடு ஒரு விமானம் கும்பகோணத்துக்கு வடக்கே இறங்க ஆரம்பித்திருந்தது. எங்களை வந்தடைய இருபது நிமிடம்.

என்னோடு பணியில் இருந்தவர் பாத்திமா. நாகூர்க்காரர். கண்ட்ரோலராக நல்ல பெயர், வாய்க்கும் நல்ல பெயர். நான் கையேட்டை எடுக்கவில்லை, தேவைப்படவில்லை. ஒன்றாவது, எல்லா அலைவரிசையிலும் அழைத்தேன். இரண்டாவது, பக்கத்து நிலையங்களைக் கேட்டேன். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதுதான் இங்கே முக்கியம்: பேசாத விமானம் தன் பாதைத் திட்டப்படியே வருவதாகக் கொண்டு மற்ற விமானங்களை அந்தப் பாதையிலிருந்து விலக்கு.

விலக்கினேன். சென்னை விமானம் வழக்கமாகத் திருவையாற்றுப் பக்கமாகத்தான் வரும். கேப்டனிடம் தெற்கே ஒதுங்கி, நீடாமங்கலம் வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி, இரண்டாயிரம் அடிக்கு இறங்கிக்கொண்டே வரச் சொன்னேன். மாணவி காவிரி மேல். பெரிய விமானம் வெண்ணாற்றின் மேல். இரண்டுக்கும் நடுவே ஒன்பது, பத்து கிலோமீட்டர். வரைந்து காட்டினால் பரீட்சையில் முழு மதிப்பெண்.

பாத்திமா தொலைநோக்கியை வடகிழக்கே திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

"பாலத்துக்கு மேல ஒண்ணும் சுத்தற மாதிரி தெரியலயே சார்."

"மங்கலாக இருக்கிறது. தெரியாது."

"அவ அங்கதான் இருக்கான்னு யாரு சொன்னா?"

"பாதைத் திட்டம் சொல்கிறது."

"பாதைத் திட்டம் பிளேன் ஓட்டுதா?"

நான் ஏழாவதை முடித்துவிட்டு எட்டாவதுக்குப் போனேன். எட்டாவது என்ன சொல்கிறதென்றால், தரையில் இருப்பவர் மூலம் உறுதி செய்ய வாய்ப்பிருந்தால் செய்துகொள். திருவையாற்றுப் பாலத்தருகே எனக்குத் தெரிந்த தொலைபேசி எண் ஒன்றே ஒன்று. அதுவும் எழுதி வைத்ததல்ல. எங்கள் போனில் வந்த அழைப்புகளின் வரிசையில் கிடந்தது.

"சொல்லுங்க டவர் சார். கொக்கு தொந்தரவா?"

"இல்லை. பாலத்துக்கு மேலே ஒரு சின்ன விமானம் சுற்றுகிறதா பாருங்கள்."

செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். ஒரு பஸ் ஹாரன்.

"ஒண்ணும் இல்லீங்க. இங்க எதுக்கு சார் வருது? ஆத்துல தண்ணியே இல்லியே."

"அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

"அதத்தான் சார் அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க போன வச்சிட்டீங்க. போன தடவ வெண்ணாத்துக்கு முறை விட்டப்ப ஒரு சின்ன பிளேன் கோயில்வெண்ணி சட்ரஸுக்கு மேல வந்து ரெண்டு சுத்து சுத்திட்டுத் திரும்பிப் போச்சாம். நம்ம லஸ்கர் சொன்னாரு. வழி தவறுன மாதிரி இருந்துச்சுன்னு. காவேரி காஞ்சு கெடக்குது, வெண்ணாறு நெறஞ்சு போவுது. மேலேர்ந்து பாக்கற புள்ளைக்கு எது சார் ஆறு?"

மதகுகளை அந்தப் பக்கம் சட்ரஸ் என்பார்கள். அதை ஏற்றி இறக்கும் பணியாளர் லஸ்கர். கோயில்வெண்ணி, நீடாமங்கலத்துக்கும் எங்களுக்கும் நடுவே வெண்ணாற்றின் மேல் இருக்கிறது.

உங்களில் சிலருக்குப் புரிந்திருக்கும். நாகூரிலிருந்து மேற்கே வரும்போது நாலைந்து டிகிரி தெற்கே தவறினால் போதும். வரைபடத்தில் எல்லா ஆறும் நீலம். மேலிருந்து பார்த்தால் ஒன்றுதான் பளபளக்கிறது. மற்றது மண்சாலை மாதிரி இருக்கிறது. அவள் பளபளப்பைப் பிடித்திருப்பாள். அந்த வழியில் திருவையாற்றுப் பாலம் வராது. பாலம் வராததால் திரும்பவும் மாட்டாள். நேராக எங்கள் ஓடுபாதைக்குத்தான் வருவாள். அவள் போகும் கோட்டில்தான், அவளுக்குப் பின்னாலிருந்து, மேலிருந்து, இரண்டு மடங்கு வேகத்தில், நான் ஒரு விமானத்தை இறக்கிக்கொண்டிருக்கிறேன். இறங்கும் விமானத்தின் மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று விமானிக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அவளுக்கும் தெரியாது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். என் கையில் இருந்தது ஓர் ஊகம். அதற்கு ஆதாரம், விமானத்தைப் பார்க்காத ஒரு பாசன ஆய்வாளர் சொன்ன வேறொரு நாளின் கதை. இன்னொரு கையில் அதிகாரபூர்வமான பாதைத் திட்டம். பாதைத் திட்டத்தை நம்பி விபத்து நடந்தால் என்மீது குற்றமில்லை. ஊகத்தை நம்பி நான் மாற்றிய வழியில் விபத்து நடந்தால் முழுக்க என் குற்றம். இந்தக் கணக்கு என் மனதில் ஓடியது. எவ்வளவு நேரம் ஓடியது என்று பிறகு ஒலிப்பதிவில் கேட்டேன். பதினொரு விநாடி. நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினொரு விநாடி சும்மா இருந்து பாருங்கள்.

"சார்," என்றார் பாத்திமா. அவ்வளவுதான் சொன்னார்.

கேப்டனிடம் இறங்குவதை நிறுத்தி, நாலாயிரம் அடிக்கு ஏறி, வடக்கே திரும்பச் சொன்னேன்.

"காரணம்?" என்றார் கேப்டன்.

"கீழே ஒரு விமானம் இருக்கலாம்."

"எங்கே?"

"தெரியாது."

எங்கள் தொழிலின் அங்கீகரிக்கப்பட்ட சொற்களில் 'தெரியாது' இல்லை. என் பணிக்காலத்தில் அதை ரேடியோவில் சொன்னது அந்த ஒரு தடவைதான். கேப்டன் மறுபேச்சுப் பேசாமல் ஏறினார்.

கலியபெருமாள் இன்னும் போனில் இருந்தார். அவரிடம் இன்னொரு கைப்பேசியும் இருந்தது. அதில் வெண்ணாற்று லஸ்கர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது.

"யோவ், மேல பாருய்யா! கொக்கு இல்லய்யா, பிளேனு!" பிறகு எங்களிடம், "சார், கோயில்வெண்ணில தலைக்கு மேல போவுதாம். வெள்ளக் கலரு. மேக்கால போவுது."

"எப்போது?"

"இப்பதாங்க. சத்தம் போன்லயே கேக்குதே, உங்களுக்குக் கேக்கல?"

பாத்திமா அதைத் தாள்பட்டையில் எழுதினார். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தாள்பட்டை வைப்போம் அல்லவா, அதில் இடம், நேரம், தகவல் தந்தவர். இடம்: கோயில்வெண்ணி மதகு. தகவல் தந்தவர்: லஸ்கர். நான் அதைத் திருத்தவில்லை.

கேப்டனும் அதே நேரத்தில் பேசினார். தன் இடப்பக்கம் கீழே, வெண்ணாற்றின் மேலே, ஒரு சிறு வெள்ளை விமானத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். நான் அவரை நிறுத்தியிருக்காவிட்டால் இந்நேரம் எங்கே இருந்திருப்பார் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஏனென்றால் வழக்கமாக அரட்டை அடிக்கும் மனிதர், அதன்பின் நான் கேட்காமலே நிமிடத்துக்கு ஒருமுறை தன் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆறு நிமிடம் கழித்து, எங்களுக்குப் பக்கத்தில் வெண்ணாற்றங்கரையில் இருக்கும் பள்ளியக்ரகாரத்து லஸ்கரிடமிருந்து தகவல். அதற்கு அடுத்த நிமிடம் பாத்திமா தொலைநோக்கியில் பிடித்துவிட்டார். ஓடுபாதையைப் பார்த்ததும் அந்த விமானம் தயங்கியது. ஆற்றை விட்டு விலகி ஒரு சுற்றுச் சுற்றியது. இங்கே இறங்கலாமா, கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

டவரில் கைவிளக்கு ஒன்று உண்டு. ரேடியோ இல்லாத விமானத்தை நோக்கிப் பிடித்துப் பச்சை காட்டினால் இறங்கலாம், சிவப்புக் காட்டினால் சுற்றிக்கொண்டிரு. ஒவ்வொரு மாதமும் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விமானத்தை நோக்கி நான் பிடித்தது அன்றுதான். பச்சையைக் காட்டினேன். அவள் இன்னொரு சுற்றுப் போனாள்.

"ஜன்னல்ல ஊனிப் புடிங்க சார்," என்றார் பாத்திமா.





விளக்கை ஜன்னல் விளிம்பில் ஊன்றிப் பிடித்தேன். அந்த விமானம் இறக்கையை இடமும் வலமும் ஒருமுறை ஆட்டியது. புரிந்தது என்று பொருள். பிறகு இறங்கியது. கொஞ்சம் குதித்தது. நின்றது. எங்கள் வாய்க்கால் கொக்குகள் மொத்தமாக எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

எழுபது பேர் பதினான்கு நிமிடத் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நிலையத்தில் திறமையின்மை நிலவுவதாக எழுதிவிட்டுப் போனார். அது தவறு என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நிவேதாவை மேலே அழைத்து வந்தார்கள். மின்சாரம் தரும் பாகம் பழுதாகி, ரேடியோ முதற்கொண்டு எல்லாம் செத்துவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடியது. கைப்பேசி விதிப்படி அணைக்கப்பட்டுப் பையில் இருந்தது.

"பாலம் வரும், பாலம் வரும்னு பாத்துட்டே வந்தேன் சார். வந்தா சுத்திட்டுத் திரும்பிடலாம்னு. வரவே இல்ல."

"எந்த ஊரும்மா உனக்கு?" என்றார் பாத்திமா.

"ஈரோட்டுப் பக்கங்க்கா."

"சரிதான். அங்க காவேரி பிரியல, ஒண்ணுதான்." தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "எங்க ஊரு மினாராவ ஒழுங்கா பாத்தியா?"

"அஞ்சும் பாத்தேங்க்கா."

"அதுவரைக்கும் சரியாத்தான் வந்திருக்க. குடி."

அவள் குடித்தாள். பிறகு, "என் லைசென்ஸு போயிடுமா சார்?" என்று என்னைக் கேட்டாள். நான் விதியைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. மூன்று பேர் குழு. அனுமதியின்றிக் கட்டுப்பாட்டு வான்வெளியில் நுழைந்தார், காரணம் மாணவியின் கவனக்குறைவு என்று எழுதினால் அவள் பயிற்சி அத்தோடு முடிந்தது. வரைவு அறிக்கையில் அந்த வாசகம் ஏற்கனவே இருந்தது. என்னைப் பற்றிய பத்தியில், கண்ட்ரோலர் எல்லா நடைமுறைகளையும் சரியாகப் பின்பற்றினார் என்று இருந்தது. அது உண்மை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். கலியபெருமாளின் பழைய அழைப்பைப் பற்றிக் குழுவில் யாருக்கும் தெரியாது. அவரை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவும் இல்லை. பாசனத்துறையைச் சாட்சியாக அழைக்க எங்கள் விதியில் இடமில்லை.

நிவேதா எதிர் நாற்காலியில், பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது சேர்க்க வேண்டுமா?" என்றார் தலைவர். சம்பிரதாயக் கேள்வி.

"ஒன்று. இதற்கு முன் இன்னொரு விமானம் இதே இடத்தில் இதே மாதிரி வழி தவறியிருக்கிறது. ஆற்றில் முறை மாறியதால். அதைச் சொல்ல எனக்குப் போன் வந்தது. நாலு நாள் முன்பே."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"பாதியில் வைத்துவிட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "எந்த ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று டவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது?"

"எந்த விதியிலும் இல்லை."

"பிறகு இதை ஏன் பதிவு செய்யச் சொல்கிறீர்கள்?"

"நான் முழுவதும் கேட்டிருந்தால் பள்ளிக்குச் சொல்லியிருப்பேன். பள்ளி இவளுக்குச் சொல்லியிருக்கும். கவனக்குறைவு என்று எழுதுவதாக இருந்தால் என்னிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்."

தலைவர் வரைவு அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அவர் பேனாவைத் திறந்தார்.

அந்த வாசகம் நீக்கப்பட்டது. நிவேதா பயிற்சியாளரோடு மூன்று முறை அதே பாதையில் பறந்து காட்ட வேண்டும் என்று உத்தரவானது. பறந்து காட்டினாள், இப்போது ஏதோ ஒரு நிறுவனத்தில் துணை விமானியாக வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பதாகப் பாத்திமா சொல்கிறார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'தங்களுக்குக் கிடைத்த தகவலை உரிய முறையில் கையாளவில்லை' என்று ஒரே வரி. என் பணிக்காலம் முழுவதிலும் மேலிடத்திலிருந்து வந்த கடிதங்களில் பிழையில்லாமல் இருந்தது அது ஒன்றுதான். வைத்திருக்கிறேன்.

கலியபெருமாளின் பெயர் அறிக்கையில் எங்கும் இல்லை. அவரைப் பார்த்துச் சொல்ல ஒருநாள் திருவையாறு போனேன். காவிரிக்கு முறை வந்திருந்தது; பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போயிற்று. நன்றி என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க சார். அன்னைக்கு வேலிக்குக் கெழக்கால கொக்கு வந்துச்சா, இல்லியா?"

"வந்தது."

"பாத்தீங்களா," என்றார்.

ஓய்வு பெற்ற அன்று நான் பொறுப்பு ஒப்படைத்த பொருள்களின் பட்டியல் உங்கள் கோப்பில் இருக்கும். தொலைநோக்கி இரண்டு, கைவிளக்கு ஒன்று, சாவிகள், கையேடுகள். அந்தப் பட்டியலில் சேர்க்கத் தலைப்பு இல்லாததால் ஒன்றை மட்டும் தனியாக, மேசைக் கண்ணாடிக்கு அடியில், தென்கிழக்கு மூலையில் வைத்துவிட்டு வந்தேன். திருவையாற்றுப் பாசன அலுவலகக் கைப்பேசியின் எண். பெயருக்குப் பதில் 'கொக்கு' என்று எழுதியிருக்கும். கலியபெருமாளும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் தனக்குப் பின் வந்தவரிடம் அந்த வடைக் கூட்டத்தின் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும். நீங்கள் ஏதோ முக்கியமான வேலையில் இருப்பீர்கள், அல்லது இருக்க மாட்டீர்கள். கொக்கைப் பற்றித்தான் பேசுவார். அது முடிந்த பிறகும் போனை வைக்காதீர்கள்.